சிலிண்டர் வெடித்ததா, வீடு வெடித்ததா?

‘சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்’ என்று செய்தி வரும். கூடவே வரும் படத்தைப் பார்த்தால், பல நேரங்களில் இடிபாட்டுக்கு நடுவே சிவப்பு சிலிண்டர் முழுசாகக் கிடக்கும். அப்படியானால் வெடித்தது எது?

வீடுதான். ரெகுலேட்டரிலோ டியூபிலோ கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையை ஒட்டியே பரவிச் சேரும். அறைக்காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 2 முதல் 9 சதவீதத்துக்குள் வந்துவிட்டால், விளக்கு சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும். அதற்குக் குறைவாக இருந்தாலும் பற்றாது, கூடுதலாக இருந்தாலும் பற்றாது. பற்றிய தீ அறை முழுக்க ஓடும். அந்த ஓட்டம் தொடக்கத்தில் நொடிக்குச் சில மீட்டர்தான்; நாற்காலி, அலமாரி என்று குறுக்கே ஏதாவது இருந்தால் காற்று கலங்கி இன்னும் வேகம் பிடிக்கும். ஆனாலும் ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு 340 மீட்டரை, எட்டாது. பிறகு எப்படிச் சுவர் விழுகிறது? சூடான வாயு விரிய இடம் தேடுகிறது. கதவும் சன்னலும் மூடியிருக்கின்றன. உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே, 10 அடிக்கு 10 அடி சுவர் ஒன்றின்மேல் 9 டன்னுக்கும் அதிகமான விசை விழும். சாதாரணச் செங்கல் சுவர் பக்கவாட்டில் அதைத் தாங்காது.

இப்படி ஒலியைவிட மெதுவாகப் பரவும் எரிதலுக்கு டிஃபிளக்ரேஷன் என்று பெயர். தீபாவளிப் பட்டாசும் இந்த வகைதான். புஸ்வாணத்தில் மருந்து திறந்த வாய் வழியாக எரிந்து வெளியேறுகிறது, அதனால் சீறுவதோடு சரி. அணுகுண்டில் அதை இறுக்கிக் கட்டிச் சணலைச் சுற்றிவிடுகிறார்கள். வாயுவுக்கு வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கட்டு கிழியும்போதுதான் ‘டமால்’. (பெயர்தான் அணுகுண்டு, அணுக்கருவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

எரியாமலேயே வெடிப்பதும் உண்டு. சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கும் திரவம். வெளியே தீ சுட்டு உலோகம் தளர்ந்து கிழிந்தால், அழுத்தம் சட்டென்று விழுந்து திரவம் ஒரே நொடியில் கொதித்து ஏறக்குறைய 250 மடங்கு கன அளவுள்ள வாயுவாகிவிடும். சேதத்தைத் தொடங்கி வைப்பது இந்த விரிவு. தீப்பந்து அதற்கு அப்புறம் வருவது. தண்ணீர் மட்டுமே உள்ள பாய்லர் வெடிப்பதும் இந்தக் கணக்கில்தான். 1984-இல் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சான் ஹுவானிக்கோவில் எரிவாயுத் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி வெடித்து, சுமார் 500 பேர் இறந்தார்கள். இதற்கு நேர் எதிர், 2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கிக்கு நடந்தது. அது வெளியே சிதறவில்லை. கடல் நீரின் அழுத்தம் அதை உள்நோக்கி நசுக்கியது.

சரி, இவை எல்லாவற்றையும்விடக் கொடியது டெட்டனேஷன். டிஃபிளக்ரேஷனில் ஓர் அடுக்கின் சூடு அடுத்த அடுக்குக்குக் கடந்து அதைப் பற்றவைக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். டெட்டனேஷனில் சூடு பரவும்வரை எதுவும் காத்திருப்பதில்லை. ஓர் அதிர்ச்சி அலை பொருளுக்குள் பாய்ந்து, போகிற வழியில் அடுத்த அடுக்கை நசுக்கியே வினைபுரிய வைக்கிறது. அந்த வினை அலையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இதன் வேகம் அந்தப் பொருளுக்குள் ஒலி செல்லும் வேகத்தையும் மிஞ்சியது. டிஎன்டி என்ற வெடிமருந்தில் நொடிக்குச் சுமார் 6,900 மீட்டர். இங்கே கட்டும் உறையும் தேவையே இல்லை. திறந்தவெளியில் கிடந்தாலும் நொறுக்கிவிடும்.

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் எடுத்த வீடியோக்களில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். முதலில் கிடங்கில் தீ; புகைக்குள் மத்தாப்பு போலப் பொறிகள்; ஒரு சிறிய வெடிப்பு. ஏறக்குறைய அரை நிமிடம் கழித்து, அங்கே இருந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் டெட்டனேஷன் ஆனது. வீடியோவில் வெள்ளையாக விரியும் அரைக்கோளம் புகை அல்ல. அதிர்ச்சி அலைக்குப் பின்னால் காற்றழுத்தம் திடீரென்று குறைய, ஈரமான கடற்காற்று குளிர்ந்து, நீராவி மேகமாகியது. மேலே எழுந்த செம்பழுப்புப் புகைதான் நைட்ரஜன் டை ஆக்சைடு. அலை எந்தக் கட்டடத்தை எந்தக் கணத்தில் அடைந்தது என்பதை இந்தச் செல்போன் வீடியோக்களிலிருந்தே எடுத்து, ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெடிப்பின் வலுவை 500 முதல் 1,100 டன் டிஎன்டி வெடிப்பதற்குச் சமம் என்று கணித்தார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அம்மோனியம் நைட்ரேட் உரமாகவும் கல்குவாரி வெடிமருந்தின் மூலப்பொருளாகவும் பயன்படுவது. லேசில் வெடிக்காது, அந்தச் சாதுத்தனம்தான் ஏமாற்றுகிறது. 1947-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் நின்ற கிராண்ட்கேம்ப் கப்பலில் இந்தச் சரக்கு தீப்பிடித்தபோது, தண்ணீர் அடித்தால் சரக்கு வீணாகும் என்று கதவுகளை மூடி, உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். காற்றை அடைத்தால் தீ அணையும் என்ற நினைப்பு. ஆனால் அம்மோனியம் நைட்ரேட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருக்கிறது. மூடியதால் சூடும் அழுத்தமும்தான் ஏறின. கப்பல் வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நமக்கும் பக்கத்திலேயே இருந்தது. 2015-இல் சுங்கத்துறை கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தில் ஐந்து ஆண்டுகளாகக் கிடந்தது. பெய்ரூட் செய்தி வந்த சில நாட்களிலேயே அதை லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.