முகத்துவாரம் வெட்டும் நேரம்

மாரி கொட்டி வேளாண்மை மூழ்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் முதலில் கேட்கும் குரல், "முகத்துவாரத்த வெட்டுங்க" என்பதுதான். வாவியை நம்பியிருக்கும் மீனவருக்கும், வாவி கடலோடு சேரும் அந்த வாய் திறக்க வேண்டும். ஆனால் வாவி நீர் எந்த மட்டத்துக்கு உயர்ந்ததும் திறப்பது என்பதில்தான் சிக்கல்.

கோடையில் ஆற்றுநீர் குறைய, அலை தள்ளும் மணல் வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை வலுத்து, உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் நீரும் சேரும்போது வாவி கடல்மட்டத்தைவிட உயர்கிறது. மணலை வாருவது இந்த உயர வித்தியாசமே. உராய்வை விட்டுக் கணக்கிட்டால், 1 மீற்றர் வித்தியாசத்தில் நீர் விநாடிக்கு 4.4 மீற்றர் வேகத்தில் பாயும். கால் மீற்றரில் 2.2. வேகம் பாதியானால் மணல் வாரும் திறனோ ஏறத்தாழ எட்டிலொன்றாகிறது.

பெக்கோ எனும் மண் அள்ளும் இயந்திரம் வெட்டுவது ஒடுங்கிய வாய்க்கால் மட்டுமே. அகலமாக்குவது நீர். எனவே கடல் பக்கத்திலிருந்து வெட்டி வந்து, வாவியோரம் ஒரு மண்தடுப்பை விட்டுவைத்து, கடல் பெருகி முடிந்து வற்றத் தொடங்கும் நேரத்தில் அதை உடைக்க வேண்டும். அப்போது சுமார் ஆறு மணிநேரம் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். பெருக்கில் உடைத்தால் ஓட்டம் தளர்ந்து, அலை மணலைத் திருப்பிக் கொட்டும். அள்ளிய மணலைக் கரையோரமே குவிப்பதும் பிழை. கரை அரிக்கும்போது அந்தக் குவியலே வாய்க்காலுக்குள் சரியும்.

வெட்டிய உடனே வயல் வடியும் என்று எதிர்பார்க்க முடியாது. 100 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் பரந்த வாவி 10 சென்றிமீற்றர் இறங்க, குறைந்தது ஒரு கோடி கன மீற்றர் நீர் வெளியேற வேண்டும். வாய் 100 மீற்றர் அகலமும் 2 மீற்றர் ஆழமும் கொண்டு, விநாடிக்கு 1.5 மீற்றர் வேகத்தில் பாய்ந்தாலும் ஒன்பது மணிநேரத்துக்கு மேலாகும். அதுவும் புதுவெள்ளம் வராவிட்டால்தான். முழுதாக மூழ்கிய இளம்பயிரோ ஒரு கிழமைக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே மிகப் பிந்தவும் கூடாது.

முந்தினால் வேறு நட்டம். வித்தியாசம் போதாமல் வாய் ஒடுங்கியே நின்று சீக்கிரம் மூடும். இறால் கடலில் முட்டையிடும். ஒரு சென்றிமீற்றர் அளவுக் குஞ்சுகள் இந்த வாய் வழியே வந்து, கண்டல் வேர்களுக்கிடையில் சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகும். வாய் மூடினால் புதுக் குஞ்சு வராது, வளர்ந்ததும் வெளியேறாது. உப்பைத் தாங்காத ஆற்றுவாழை எனும் மிதக்கும் களையும் நன்னீரில் பெருகும்.

வெள்ளம் தேங்க வேண்டிய வாவியோரத் தாழ்நிலத்துக்குள் வயல் இறங்குவதைத்தான் நாம் மிகவும் அஞ்ச வேண்டும். வயல் ஒரு சாண் தாழ்ந்த நிலத்துக்கு இறங்கினால், வெட்டும் மட்டமும் ஒரு சாண் இறங்கும். வாயை அகலமாக்கும் விசை அந்தளவுக்குக் குறையும். புதிய வரம்பு போடுமுன் அந்த நிலத்தின் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். வெட்டும் மட்டத்தைக் கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் மாரிக்கு முன்பே சேர்ந்து குறிக்கட்டும். மழை வந்தபின் வாவியின் நீர்மட்ட அளவுகோலையும் கடலின் வற்றுநேர அட்டவணையையும் பார்த்து நாளைத் தீர்மானிக்கலாம்.