பெட்டியில் 128, கையில் எவ்வளவு?

புதிதாக வாங்கிய 128 ஜிபி கைப்பேசியில் ஒரு படம்கூட எடுப்பதற்கு முன்பே சேமிப்பகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பதினைந்து, இருபது ஜிபி ஏற்கெனவே செலவாகியிருக்கும். 64 ஜிபி போனில் இது இன்னும் உறுத்தும்.

கம்பத்திலிருந்து மலையேறினால் வரும் குமுளியில், சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். போன் கடைகளுக்கு ஓணம் ஒரு பருவம், தீபாவளி ஒரு பருவம். ஓணத் தள்ளுபடியில் 64 ஜிபி போன் வாங்கிய ஏலத்தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவர், அதைக் கடை மேசையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது: “சேட்டா, பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ ஆகும், அது எங்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருந்த போன் எப்படி உலர்ந்தது?” கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “எல்லா போனும் இப்படித்தான் சேச்சி” என்றார். பதில் சரிதான்; விளக்கம்தான் இல்லை.

ஏலக்காயில் போவது தண்ணீர். போனில் முதலில் மாறுவது தராசு. தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிடும் ஒரு ஜிபி என்பது சரியாக 100 கோடி பைட். (பைட் என்பது தகவலை அளக்கும் சிறு அலகு.) ஆனால் கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணிப் பழகியது. அதன் வழக்கில் 1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி, 1024 எம்பி ஒரு ஜிபி. அப்படிப் பெருக்கிப் பார்த்தால் ஒரு ஜிபி என்பது 1,07,37,41,824 பைட் ஆகிவிடும். பெட்டியின் 128 ஜிபியை இந்தப் பெரிய அளவால் அளந்தால் 119.2 என்று வரும். 64 ஜிபி 59.6 ஆகும். ஒரு பைட்டும் தொலையவில்லை, அளந்த முறைதான் வேறு. கேபி அளவில் இரண்டரை சதவீதம்கூட இல்லாத இந்த வித்தியாசம், ஜிபியில் ஏழு சதவீதத்தைத் தாண்டி, அதற்கும் அடுத்த அளவான டிபியில் ஏறத்தாழ பத்தாகிவிடுகிறது. கிலோபைட் காலத்தில் யாரும் கண்டுகொள்ளாதது இன்று கண்ணைக் குத்துவதற்கு அதுதான் காரணம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1024-இன் கணக்குக்கு கிபிபைட் என்பது போன்ற தனிப் பெயர்களையே வகுத்துக் கொடுத்தது. கடைத்தெருவில் அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வித்தியாசத்தைக் காட்டி அமெரிக்காவில் வழக்குகளும் நடந்தன. வன்தட்டு நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-இலும் சீகேட் 2007-இலும் சமரசத்துக்கு வந்தன. ஆப்பிள் 2009-இல் தன் கணினிகளில் ஆயிரத்தின் கணக்குக்கு மாறியது. ஆண்ட்ராய்டு தன் எட்டாம் பதிப்பில் மாறியது. விண்டோஸ் இன்றும் 1024-இல் எண்ணி, அதற்கு ஜிபி என்றே பெயர் போடுகிறது. ஆகவே ஒரே போன் தன் திரையில் ஒரு எண்ணையும், கம்பி வழியே கணினியில் செருகினால் வேறு எண்ணையும் காட்டுவதில் வியப்பில்லை.

இதில் ஆண்ட்ராய்டு ஒரு தந்திரமும் செய்கிறது. மொத்த இடத்தைப் பெட்டியில் உள்ள எண்ணுக்கே உயர்த்திக் காட்டிவிட்டு, விளக்க முடியாத மிச்சத்தை ‘சிஸ்டம்’ என்ற வரியில் சேர்த்துவிடுவது உண்டு. 2023 தொடக்கத்தில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்23 வெளிவந்தபோது, அதில் சிஸ்டம் மட்டுமே 60 ஜிபியை விழுங்குகிறது என்று பெரிய பேச்சானது. அந்த 60-இல் கணிசமான பங்கு மென்பொருளே அல்ல, மேலே சொன்ன தராசு வித்தியாசம்தான்.

இனி சிப்புக்குள் போகலாம். போனில் இருப்பது பிளாஷ் நினைவகம். தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவும் குழுவினரும் 1987-இல் அறிமுகப்படுத்திய வகை. இதற்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு. எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் என்பது சில கேபி. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக மட்டுமே நடக்கும். ஒரு தொகுதியில் பாதி பயனுள்ளதும் பாதி குப்பையுமாக இருந்தால், பயனுள்ள பக்கங்களை முதலில் வேறு காலித் தொகுதிக்கு நகலெடுத்துவிட்டு, பிறகுதான் பழையதை மொத்தமாகத் துடைக்க வேண்டும். நகர்த்துவதற்குக் காலி இடம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. அதோடு ஒவ்வொரு தொகுதியும் இத்தனை முறைதான் அழிபடும் என்ற ஆயுள் கணக்கு இருக்கிறது. ஒரு நினைவறையில் மூன்று பிட்டுகளை அடைக்கும் இன்றைய சிப்புகளுக்கு அது சில ஆயிரம் முறைதான். மலிவானவற்றில் இன்னும் குறைவு. தேய்ந்துபோன தொகுதியை, நினைவகத்தை நிர்வகிக்கும் ‘கன்ட்ரோலர்’ ஓரங்கட்டிவிட்டு, கையிருப்பில் உள்ள ஒன்றை அதன் இடத்தில் வைக்கிறது.

அந்தக் கையிருப்பு எங்கிருந்து வருகிறது? சிப் பொதுவாக 1024-இன் கணக்கில் வடிக்கப்படுகிறது, ஆயிரத்தின் கணக்கில் விற்கப்படுகிறது. 128 ஜிபியில் இரண்டுக்கும் இடையே 940 கோடி பைட்டுக்கு மேல் வருகிறது. நம் கண்ணில் படாமல் குப்பை அள்ளவும் தேய்மானத்தைச் சமாளிக்கவும் பயன்படுவது இதுவும், கூடுதலாகச் சேர்க்கும் உதிரித் தொகுதிகளும்தான். வேடிக்கை என்னவென்றால், தராசு வித்தியாசத்தைக் காட்டி நாம் கேட்கும் இடம் சிப்புக்குள் உண்மையிலேயே இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் போன் சீக்கிரம் செத்துவிடும்.

போனை விளிம்பு வரை நிரப்பினால் அது தடுமாறுவதும் இதனால்தான். காலித் தொகுதி கிடைக்காமல், ஒரு சிறு படத்தைச் சேமிக்கவும் பலமுறை நகலெடுக்க நேரிடும். நாம் அழித்த கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்று சிப்புக்குத் தெரிவிக்கும் வேலையை ஆண்ட்ராய்டு, போன் சும்மா இருந்து சார்ஜ் ஏறும் வேளையில் செய்கிறது. இந்த வசதி 4.3 பதிப்பிலிருந்து இருக்கிறது.

கோபப்பட வேண்டிய இடம் சிஸ்டம். இயங்குதளத்துக்கு இடம் வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆண்ட்ராய்டு 7 முதல் பல போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதிய பதிப்பு எழுதப்படும், பாதியில் கெட்டாலும் பழையது காப்பாற்றும். அதற்குச் சில ஜிபி கொடுக்கலாம். (11-ஆம் பதிப்பு முதல் இந்தச் செலவும் குறைந்துவிட்டது.) ஆனால் நாம் கேட்காமலே திணித்த விளையாட்டுகளும் கடைச் செயலிகளும் எதற்கு? சிஸ்டத்துடன் வரும் செயலிகள் எழுத முடியாத பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. முடக்கினாலும் அந்த இடம் திரும்பாது. புதுப்பித்தால் புதிய நகல் நம் பங்கில் வந்து அமரும், பழையதும் அங்கேயே இருக்கும்.

இந்தச் சுமை ஏழை, பணக்காரன் பார்க்காமல் ஒரே அளவாக விழுகிறது என்பதுதான் அநியாயம். சிஸ்டம் 16 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 256 ஜிபி போனில் அது பதினாறில் ஒரு பங்கு. 64 ஜிபி போனில் நான்கில் ஒரு பங்கு. 2014-இல் அமெரிக்காவில் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கும் 16 ஜிபி கருவிகளை முன்வைத்தே பேசியது. இருபத்துமூன்று சதவீதம் வரை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது என்பது அங்கே குற்றச்சாட்டு. பெட்டியில் மொத்த அளவுக்குக் கீழே, வாங்குபவர் கைக்கு வரும் அளவையும் அதே எழுத்துப் பருமனில் அச்சிடச் சொன்னால் எந்தத் தொழிற்சாலையும் மூழ்கிவிடாது.

அதுவரை மீட்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வாட்ஸ்அப் நாம் அனுப்பும் படங்களுக்கும் தனி நகல் வைத்துக்கொள்கிறது. மலையிலிருந்து ஊருக்குத் தினமும் வீடியோ அனுப்புகிறவர்கள் அந்த ‘சென்ட்’ கோப்புறையை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். பயன்படுத்தாத சிஸ்டம் செயலிகளில் புதுப்பிப்பை நீக்கினால் இரண்டாவது நகல் போகும். ‘8 ஜிபி + 8 ஜிபி’ ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) என்று விளம்பரம் செய்த போனாக இருந்தால், அந்த இரண்டாவது எட்டு சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. அமைப்புகளில் அதை அணைத்துப் போனை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அவ்வளவும் திரும்பக் கிடைக்கும்.