அமெரிக்க பிஎச்டி ஆஃபர்: ஏப்ரல் 15 வரை யாரும் அவசரப்படுத்த முடியாது

பொறியியல் பிஎச்டிக்கு இரண்டு மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. அதில் ஒன்று, 'மார்ச் 20க்குள் பதில் வராவிட்டால் ஸ்டைபெண்டை (மாத உதவித்தொகையை) அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம்' என்று மெயில் அனுப்புகிறது. பதற வேண்டாம். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற கூட்டமைப்பின் 'ஏப்ரல் 15 தீர்மானம்' இதற்காகத்தான் இருக்கிறது. உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மாணவருக்கு இல்லை. அதற்கு முந்தைய கெடு வைப்பது தீர்மானத்தின் நோக்கத்துக்கு விரோதம்.

முன்பே சம்மதம் சொல்லிவிட்டாலும் ஏப்ரல் 15 வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். போனில் சொன்னது கணக்கில் வராது.

இது சட்டமல்ல, கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களுக்குள் உள்ள உடன்பாடு. அந்தப் பட்டியல் கூட்டமைப்பின் தளத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பெயர் இருந்தால், 'தீர்மானத்தின்படி ஏப்ரல் 15 வரை அவகாசம் எடுத்துக்கொள்கிறேன்' என்று துறைக்கு ஒரு வரி எழுதுங்கள். துறை மசியாவிட்டால் அதே மெயிலைப் பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் ஸ்கூல் அலுவலகத்துக்கு அனுப்பலாம். கையெழுத்திட்டது பல்கலைக்கழகம்தான், துறை அல்ல. பணமில்லாத வெறும் அட்மிஷனுக்கும், முன்பணம் கேட்கும் எம்எஸ் படிப்புக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஐரோப்பிய ஆஃபர்களுக்கும் இது பொருந்தாது.

நேரக் கணக்கில் கோட்டை விடுபவர்கள் உண்டு. நியூயார்க்கில் ஏப்ரல் 15 மாலை 5 மணி என்றால் நமக்கு 16ஆம் தேதி அதிகாலை 2.30. கெடு மாலையிலா நள்ளிரவிலா என்று கடிதத்தில் பார்த்துவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

கிடைத்த அவகாசத்தைப் பல்கலைக்கழக ரேங்க் பார்ப்பதில் செலவழிப்பது வீண். ஆஃபர் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். மாதம் 2,500 டாலர் என்று ஓர் இடம், 2,200 டாலர் என்று இன்னோர் இடம் சொல்வதாக வையுங்கள். முதலாவது 9 மாதத்துக்கு மட்டும் என்றால் ஆண்டுக்கு 22,500. இரண்டாவது 12 மாதத்துக்கு என்றால் 26,400. கோடைக்காலச் சம்பளம் யார் தருவார்கள் என்று கேட்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. டியூஷன் (படிப்புக் கட்டணம்) தள்ளுபடி என்று போட்டிருந்தாலும் கட்டாயக் கட்டணங்கள் தனியாக வரலாம். மருத்துவக் காப்பீட்டில் அவர்கள் எவ்வளவு கட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். ஸ்டைபெண்டுக்கு வருமான வரி உண்டு என்பதால் கையில் வருவது இன்னும் குறையும்.

பணம் எந்த வழியில் வருகிறது என்பது அதைவிட முக்கியம். டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்) என்றால் வகுப்பு வேலை, பெரும்பாலும் வாரம் 20 மணி நேரம். ஆர்ஏ (ரிசர்ச் அசிஸ்டன்ட்) என்றால் பேராசிரியரின் புராஜெக்ட் பணம். அந்த கிராண்ட் எப்போது முடிகிறது, முடிந்தால் துறை டிஏ கொடுத்துத் தாங்குமா என்று நேரடியாகவே கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஐந்தாண்டு உத்தரவாதம்' என்ற வரிக்குப் பின்னால் 'திருப்திகரமான முன்னேற்றம் இருந்தால்' 'நிதி இருப்பைப் பொறுத்து' என்ற இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

கைடு யார் என்பது கடிதத்தில் இல்லாவிட்டால், முதல் ஆண்டு முடிவதற்குள் நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். நீங்கள் சேர நினைக்கும் லேபில் இப்போது படிக்கும் இருவரிடமும், பாதியில் விலகிய ஒருவரிடமும் பேசுங்கள். விலகியவர் சொல்வதுதான் பெரும்பாலும் உதவும். இளம் உதவிப் பேராசிரியர் என்றால் டென்யூர் (நிரந்தரப் பணி) பரிசீலனை எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்காமல் அவர் வேறிடம் போனால் உங்கள் கதி என்ன என்பது துறைக்குத் துறை வேறுபடும்.

முடிவு எடுத்ததும், வேண்டாத இடங்களுக்கு அன்றைக்கே மறுப்பு எழுதிவிடுங்கள். வெயிட்லிஸ்டில் இருக்கும் யாருக்கோ அந்த இடம் நகரும். மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்குவது, விசாவுக்கு முன் கட்டவேண்டிய 350 டாலர் செவிஸ் (அமெரிக்க அரசின் மாணவர் பதிவு முறை) கட்டணம் கட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.