எறும்பும் உளவாளியும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற ஒரு சின்னச் சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறதாமே, அதைப் பேசுகிறவர்களுக்குத் தலை சுற்றாதா?”

கணக்கு சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தும் வேலையில் பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் இந்த ஒரே சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். வினைச்சொல்லாக வரும்போது மட்டும் 645. கிரிக்கெட்டில் எடுக்கிற ரன் பெயர்ச்சொல், அது தனிக் கணக்கு. இதற்கு முன் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது ‘செட்’.

மலைப்பதற்கு முன் நம் ‘ஓடு’ பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். குழந்தை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பு ஏதோ ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காலில் பிறந்த சொல் தண்ணீருக்குத் தாவி, அங்கிருந்து இயந்திரத்துக்குத் தாவி, கடைசியில் மனுஷனின் வாழ்க்கைக்கே வந்துவிட்டது. ‘ரன்’ வளர்ந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். ஒவ்வொரு தாவலிலும் பழைய பொருளின் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும்.

ஆனால் கூரை மேல் வேய்கிற ஓடு வேறு ரகம். அதற்கும் ஓட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் வௌவாலும் மட்டையும் ‘பேட்’ ஆனது போல, ஒலி மட்டும் ஒத்துப்போயிற்று. அகராதிக்காரர்கள் இந்த இரண்டு ரகத்தையும் பிரித்தே வைப்பார்கள். மூளையும் பிரித்து வைக்கிறதா என்பது பிறகு வரும்.

சரி, காதில் ஒரு சொல் விழுகிறது. அதன் பல பொருள்களில் சரியானதை மூளை எப்படிப் பிடிக்கிறது? முன்னால் வந்த சொற்களை வைத்து, தேவையான பொருளை மட்டும் நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டது. நான் படித்த சோதனைகளில் இதைவிட அழகானது இன்னும் கண்ணில் படவில்லை.

சோதனைக்கு வந்தவரின் காதில் ஹெட்போன், எதிரே ஒரு திரை, விரலடியில் பொத்தான். காதில் ஒரு துண்டுக் கதை கேட்கும். ஏதோ ஓர் அரசுக் கட்டடம், அதில் நெடுநாளாகத் தொல்லை. அறை மூலையில் சிலந்திகள், கரப்பான்கள், இன்னும் சில ‘பக்’குகள் இருந்ததைக் கண்டு அந்த மனிதர் ஆச்சரியப்படவில்லை. ‘பக்’ என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் மைக்குக்கும் அதே பெயர்தான். ஆனால் சிலந்தியும் கரப்பானும் முன்னாலேயே வந்துவிட்டதால் இந்த இடத்தில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

அந்தச் சொல் காதில் விழுந்து முடியும் அதே கணத்தில் திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்கு ‘எறும்பு’ வரும், சிலருக்கு ‘உளவாளி’, சிலருக்குக் கதையோடு சம்பந்தமே இல்லாத ‘தைத்தல்’. ஒரு பொருள் மனதில் ஏற்கெனவே விழித்திருந்தால், அதைச் சார்ந்த சொல்லுக்கு விரல் இம்மியளவு முந்திக்கொள்ளும். அந்த இம்மியை அளப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

‘எறும்பு’க்கு விரல் முந்தியது, அது எதிர்பார்த்ததுதான். ‘உளவாளி’க்கும் முந்தியது! பூச்சிகள் மொய்க்கும் கதையின் நடுவே, கூப்பிடாத உளவாளியும் வந்து நின்றிருக்கிறான்.

அதே எழுத்துகளை மூன்று அசை தள்ளிக் காட்டிப் பார்த்தார் ஸ்வின்னி. இடைவெளி ஒரு வினாடிகூட இருக்காது. இப்போது ‘எறும்பு’ மட்டும்தான் முந்தியது. ‘உளவாளி’ போய்த் ‘தைத்தல்’ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கதை கேட்டவரை உலுக்கிக் கேட்டாலும் “மைக்கா? அப்படி எதையும் நான் நினைக்கவே இல்லையே” என்றுதான் சொல்லியிருப்பார்.

அதாவது, மூளை எல்லாக் கதவுகளையும் முதலில் திறந்துவிடுகிறது, அப்புறம் வேண்டாததைச் சத்தமில்லாமல் சாத்துகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இதில் கொஞ்சம் திருத்தம் சொல்லின. அதிகம் புழங்கும் பொருளின் கதவு முந்தித் திறக்கிறது, முன்னால் வரும் சொற்கள் வலுவாக இருந்தால் மற்றது ஒருக்களித்த அளவில் நின்றுவிடுகிறது. 645 பொருள் என்றால் 645 கதவா என்று கேட்பீர்கள். அங்கேதான் அந்த இரண்டு ரகம் வருகிறது. உளவியலாளர் ஜெனிஃபர் ராட் குழுவினர் 2002-இல் காட்டியது இது: உறவில்லாத பொருள்கள் கொண்ட சொல்லை அடையாளம் காண நேரம் கூடுகிறது, உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொல்லுக்கோ நேரம் குறைகிறது. வௌவாலும் மட்டையும் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். ஆற்றின் ஓட்டமும் கடிகாரத்தின் ஓட்டமும் கைகோத்து வரும். ஆக, 645 என்பது அகராதி போட்ட வரப்பு. மூளைக்குள் பெரும்பாலும் ஒரே வயல்தான்.

இடையில் ஒன்று. ‘எங்கள் மொழியில் இரட்டைப் பொருளுக்கே இடமில்லை, அதனால் கணினிக்கு ஏற்ற மொழி இதுதான்’ என்று ஒரு பெருமை அவ்வப்போது கிளம்பும். எந்த மொழிக்காரர் சொன்னாலும் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் அதை நான் எழுதுவேன். அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம் என்று ஜார்ஜ் ஸிஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1945-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: நூறு மடங்கு புழக்கம் என்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு பொருள். குட்டையான, வாய்க்கு எளிதான சொல்லையே திரும்பத் திரும்ப வேலை வாங்குவது மொழிக்குச் சிக்கனம். மிச்சத்தைப் பக்கத்துச் சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. பொருளுக்கு ஒரு சொல் என்று வைத்தால் சொற்கள் நீண்டு நீண்டு, ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

கேள்வி கேட்ட வாசகரே ‘தலை சுற்றாதா’ என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதியபோதும் சரி, நான் படித்தபோதும் சரி, இரண்டு தலைகளும் இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தன.