விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் திரிபோஷாவும் மாதாந்தக் கொடுப்பனவும்

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள பிள்ளை எலும்பும் தோலுமாகப் போனால், "இந்த வருத்தம் வந்தால் இப்பிடித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதை ஏற்க வேண்டாம். மெல்லவும் விழுங்கவும் முடியாமல், தேவையான சாப்பாடு உள்ளே போகாததால்தான் பல பிள்ளைகள் மெலிகிறார்கள்.

முதலில், இலங்கையில் அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நிறை குறைந்த பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக மாதம் 750 கிராம் பக்கற் இரண்டு இலவசமாகக் கிடைக்கும். நிற்க முடியாத பிள்ளை என்று நிறுக்காமல் விட வேண்டாம். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பார்த்தால் சரி. பிள்ளையின் நிறை பதியும் கிளினிக் கார்டில் அது இருந்தால்தான் குடும்பநல உத்தியோகத்தருக்கும் குறைவு தெரியும்.

நம் வீடுகளில் திரிபோஷாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து உருண்டையாகக் கொடுப்போம். இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. மா உதிர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கட்டி இல்லாத கஞ்சியாகக் காய்ச்சி, கரண்டியைச் சரித்தால் மெதுவாக வழுகி விழும் பதத்தில் கொடுங்கள். தண்ணீர்ப் பதம் வேகமாக இறங்குவதால் அதற்கும் புரைக்கேறும். கொஞ்சம் தேங்காய்ப்பாலோ ஒரு தேக்கரண்டி எண்ணெயோ சேர்த்தால், நாலு வாய் சாப்பிட்டாலும் சக்தி கூடுதலாகப் போகும். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. தலை பின்னால் சாயாமல் நிமிர்த்தி இருத்துங்கள்.

பிள்ளைக்கு எந்தப் பதம் பொருந்தும் என்று சோதித்துச் சொல்பவர் பேச்சு சிகிச்சையாளர். பேச்சே வராத பிள்ளைக்கு அவர் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். ஒரு நேரச் சாப்பாடு அரை மணித்தியாலத்தைத் தாண்டினால், சாப்பிடும்போது இருமினால், அடிக்கடி நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடம் இதைச் சொல்லி, பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். குழாய் வழியாக உணவு கொடுக்கலாம் என்று வைத்தியர் சொன்னால் பயந்து ஓட வேண்டாம். அதற்குப் பிறகு நிறை கூடித் தேறிய பிள்ளைகள் உண்டு.

ஐந்து வயதோடு திரிபோஷா நின்றுவிடும். அப்புறமும் கைகொடுப்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மாற்றுத்திறனாளி கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இது மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்து வயது வரும்வரை இதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டு, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பிறப்புச் சான்றிதழும் வைத்திய அறிக்கையும் கையில் இருக்கட்டும். அறிக்கையில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், பிள்ளை தானாகச் சாப்பிட முடியாது, விழுங்கச் சிரமம் என்பதையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். கொடுக்கும் விண்ணப்பத்தின் பிரதி ஒன்றில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.