பிட்யூட்டரி: சளியில் பிறந்த பெயர்

பினாங்கில் பூனை வளர்க்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டார். அவருடைய பூனைக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. நாளுக்கு இருமுறை இன்சுலின் ஊசி போட்டும் சர்க்கரை அளவு இறங்கவில்லை. நோயில் மெலிய வேண்டிய பூனையோ எடை கூடிக்கொண்டே போனது. கால்நடை மருத்துவர் 'பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம்' என்றாராம். அந்தப் பிட்யூட்டரிக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே கேள்வி. அவருக்கு அது தெரியாததில் வியப்பில்லை. இங்கே தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. சுரப்பிகளைப் பற்றிய பாடம் இடைநிலைப் பள்ளியில்தான் வருகிறது. அங்கே அது மலாயில் 'கெலெஞ்சார் பிட்யூட்டரி' என்றே மனத்தில் பதிகிறது.

பிட்யூட்டரி என்பது 'பிட்யூயிட்டா' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதற்குச் சளி, கபம் என்று பொருள். மூளையில் உண்டாகும் கழிவே சளியாகி மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது என்பது கிரேக்க மருத்துவர் காலென் காலத்திலிருந்து நிலவிய நம்பிக்கை. 1543இல் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியஸ், மூளையின் அடியில் தொங்கும் இந்தச் சிறு உறுப்பை மூளையின் சளியை ஏற்கும் சுரப்பி என்றே குறித்தார். மூக்குச் சளி மூளையிலிருந்து வருவதில்லை என்று 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஷ்னைடர் முதலியோர் காட்டினர். கருத்து செத்தது, பெயர் மட்டும் சாகவில்லை.

தமிழில் இந்தப் பிழை இன்னொரு முறை பிறந்தது. இலங்கைப் பாடநூல்களில் இது 'கபச்சுரப்பி'. இலத்தீன் சொல்லுக்கு நேரான, செவிக்கு இனிய மொழிபெயர்ப்பு அது. ஆனால் இச்சுரப்பி கபத்தைச் சுரப்பதுமில்லை, ஏற்பதுமில்லை. அதிலும் நம் மரபில் கபம் வாத பித்தத்தோடு நிற்கும் கனமான சொல். நோயாளியின் வீட்டார் அதைக் கேட்டால் இருமல் மருந்தைத் தேடக்கூடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களோ ஒலிபெயர்ப்போடு நின்றுகொண்டு, 'தலைமைச் சுரப்பி' என்ற சிறப்புப் பெயரையும் தருகின்றன. 1778இல் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் சோமரிங் இட்ட 'ஹைப்போஃபிசிஸ்' என்ற மற்றொரு பெயர் கிரேக்கத்தில் 'கீழே வளர்ந்தது' என்று மட்டுமே சொல்கிறது. செயலைப் பற்றி வாய் திறக்காததால் அது இன்றும் பொய்க்கவில்லை. அதே வழியில் செல்லும் 'மூளையடிச் சுரப்பி' என்பதையே நான் தேர்வேன். கிளினிக்கில் பேசும்போது பிட்யூட்டரி என்றே சொல்லலாம், குற்றமில்லை.

இனி நோயின் பெயர். 'டயாபடிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடாகக் கடந்து ஓடுவது என்று பொருள். குடித்த நீர் உடலில் தங்காமல் வெளியேறுவதைக் கண்டு வைத்த பெயர். நீரிழிவு என்பதும் அச்சாக அதுவே. இதில் உள்ள இழிவு கேவலம் அன்று. மலையிலிருந்து அருவி இழிகிறது என்கிறோமே, அந்த இழிதல். 'மெல்லிட்டஸ்' என்ற அடைமொழி தேனின் இனிமையைக் குறிப்பது. மதுமேகம் என்ற வைத்தியச் சொல்லில் உள்ள மதுவும் தேன்தான். ஆனால் மேகநோய் என்றால் பால்வினை நோயை நினைப்போர் உண்டாகையால், அச்சொல்லைக் கடையில் நின்று உரக்கச் சொல்வது புத்திசாலித்தனமாகாது. மலேசியத் தமிழரின் 'இனிப்பு நீர்', மலாயின் 'கெஞ்சிங் மானிஸ்' என்பதோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது.

மூளையடிச் சுரப்பியின் கட்டிக்கும் இனிப்பு நீருக்கும் என்ன தொடர்பு? அச்சுரப்பியின் முன்பகுதியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் கட்டியாகப் பெருகும்போது, அந்த ஹார்மோன் மிகுந்து, இன்சுலின் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. கட்டி பெரும்பாலும் புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று. 2015இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு கண்ட 1221 பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வளர்ச்சி ஹார்மோன் மிகும்போது கூடும் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1' என்ற பொருள் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமைத் தாண்டியிருந்தது. இக்கட்டியை ஐயுறவைக்கும் அளவு அது.

இந்நிலைக்கு 'அக்ரோமெகலி' என்று பெயர். மனித நோயாளிகளைக் கண்டு பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி 1886இல் வைத்தது. முனைகள் பெருத்தல் என்று பொருள். பூனையிலும் முகம் அகன்று, கீழ்த்தாடை முன் தள்ளி, பாதங்கள் பெருக்கக் காணலாம். 'முனைப் பெருக்கம்' என்றால் பொருந்தும். பாடநூலில் பக்கத்திலேயே இருக்கும் 'அசுரத்தன்மை'யை எடுத்து ஒட்டிவிடக் கூடாது. அது எலும்பு வளர்ச்சி முடியுமுன் இளமையில் நேர்வது, இதுவோ நடுவயதையும் முதுமையையும் எட்டிய பூனைகளின் நோய். பல பூனைகளிடம் உருவ மாற்றமே தெரிவதில்லை என்பதால், 'வளர்ச்சி ஹார்மோன் மிகைச் சுரப்பு' என்ற பொருள்தரும் பெயரையே மருத்துவர்கள் இப்போது விரும்புகிறார்கள்.

சிகிச்சைக்கு மூன்று வழிகள் உண்டு. கதிர்வீச்சால் கட்டியை ஒடுக்கலாம், பாசிரியோடைட் போன்ற மருந்தால் ஹார்மோனைக் குறைக்கலாம், சுரப்பியையே அகற்றலாம். மூன்றாவது வழியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் லண்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியும் பெயர் பெற்றவை. அறுவை மருத்துவர் பூனையின் வாயைத் திறந்து, மென் அண்ணத்தைக் கீறி, மண்டையின் அடியிலுள்ள ஆப்பெலும்பைத் துளைத்து மேலே செல்கிறார். மூளையின் சளி தொண்டைக்கு இறங்குவதாகப் பழைய மருத்துவர்கள் எண்ணிய அதே திசையில், எதிர்முகமாக ஏறுகிறார் என்று சொல்லலாம். லண்டனில் இவ்வாறு சிகிச்சை பெற்று உயிர் பிழைத்த பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு, இன்சுலின் ஊசியே தேவைப்படாத நிலையை அடைந்தன.

சுரப்பி போனபின் அதன் கட்டளைக்குக் காத்திருந்த உறுப்புகளுக்கு ஈடு செய்ய வேண்டும்: ஹைட்ரோகார்ட்டிசோனும் தைராய்டு மாத்திரையும் வாழ்நாள் முழுவதும், முதல் சில காலத்துக்கேனும் கண்ணில் விடும் டெஸ்மோபிரசின் சொட்டும். இந்தச் சொட்டு எதற்கென்றால், சிறுநீரை அடக்கும் ஹார்மோன் நின்றுபோவதால் பூனை நீரைக் குடித்துக் குடித்துக் கழிக்கும். அதற்கு 'டயாபடிஸ் இன்சிபிடஸ்' என்று பெயர். இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. அந்த நீரில் சர்க்கரை துளியும் இராது. சர்க்கரை நோய் என்ற சொல்லும், நம் வீடுகளில் புழங்கும் இனிப்பு நீர் என்ற சொல்லும் இங்கே செல்லா. 'இனிப்பில்லாத இனிப்பு நீர்' என்று யாரிடம் போய்ச் சொல்வது? நீர் இழிவதை மட்டும் சொல்லும் நீரிழிவோ, 'சுவையிலா நீரிழிவு' என்று ஓர் அடையை ஏற்றுக்கொண்டு இங்கேயும் நிற்கிறது. நண்பரின் கையிலுள்ள சிகிச்சைக் குறிப்பில் டயாபடிஸ் என்று எங்கே கண்டாலும், அடுத்து நிற்கும் சொல் மெல்லிட்டஸா இன்சிபிடஸா என்று பார்க்கச் சொன்னேன்; முன்னதற்கு ஊசி, பின்னதற்குக் கண் சொட்டு.