மான்தோல் ஜக்கெற்றும் மே மாத ஏரியும்

போன லோங் வீக்கென்டில் ஒரு அண்ணையைத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்தேன். வயது ஐம்பத்தெட்டு. வெள்ளைச் சேட்டு, ஜீன்ஸ். அவருடைய லைஃப் ஜக்கெற் கனூ (துடுப்பு வலிக்கிற ஒடுங்கிய வள்ளம்) இருக்கைக்குக் கீழே செருகிக் கிடந்தது. "படத்துக்கு வடிவில்லை எண்டு கழட்டினனான் தம்பி" என்றார், பல்லுக் கிடுகிடுக்க. கரையில் நின்று படமெடுத்த மகள், எந்தப் படத்தைப் பார்த்து அப்பா ஆசைப்பட்டவர் என்று கைபேசியில் காட்டினா. நினைத்தது சரி. கனடாவின் முன்னாள் பிரதமர் பியர் ட்ரூடோ, குஞ்சம் தொங்கும் மான்தோல் ஜக்கெற், தனிக் கனூ.

ஒன்ராறியோவில் கனூ பழக்கத் தொடங்கிப் பதினொரு வருசம். வருசத்துக்கு ஒரு ட்ரூடோவாவது என் கண்முன்னே விழுவார். இந்த வருசம் மே முடிய முதலே மூன்று பேர்.

பிரபலங்கள் கனூவில் இருக்கும் படங்களோடு எனக்குக் கோபமில்லை. நல்ல படங்கள்தான். பியர் ட்ரூடோ இளமையிலிருந்தே துடுப்பு வலித்தவர், 1944 இலேயே கனூப் பயணம் பற்றிக் கட்டுரை எழுதியவர். அந்தப் படத்தைப் பார்த்துக் கனூ ஏறுகிறவர்கள் அவரது 1960 ஆம் ஆண்டுக் கதையையும் கேட்க வேண்டும். புளோரிடாவிலிருந்து கியூபாவுக்குத் துடுப்பு வலித்தே போய்விடலாம் என்று நண்பர்களோடு புறப்பட்டார். கடைசியில் இறால் பிடிக்கிற படகொன்றுதான் அவர்களை ஏற்றி வந்தது. அதற்குப் படம் எடுத்து ஒருவரும் சுவரில் மாட்டவில்லை.

சரி, எனக்கு உண்மையில் எரிச்சல் தருகிற வசனத்துக்கு வருகிறேன். "தம்பி, நான் வல்வெட்டித்துறைக் கடலில வளர்ந்தவன். எனக்கு நீந்தத் தெரியும்."

தெரியும். நம்புகிறேன். அந்தக் கடல் 28 பாகை. அண்ணை விழுந்த அன்று ஏரியில் நான் இறக்கிப் பார்த்த வெப்பமானி 8 பாகை காட்டியது. வெளியே 24 பாகை வெயில், எல்லாரும் அரைக் கைச் சேட்டு. காற்றைப் பார்த்து உடுத்திவிட்டார்கள், விழப்போவது தண்ணீருக்குள். அந்த ஏரியின் பனிக்கட்டி கரைந்து மூன்று கிழமைதான்.

குளிர்ந்த நீரில் விழுந்த கணம் உடம்பு உங்களைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் அதிர்ஷ்டம். கீழே இருந்தால் பாக்கு நீரிணையையே நீந்தியவரானாலும் ஒன்றுதான். கனடாவில் இதை 1-10-1 என்று பழக்குகிறோம், மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு. மூச்சை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம்தான். குளிரில் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். எங்கட ஆக்கள் அந்தக் கடைசி ஒரு மணியை மட்டும் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள கரைக்கு வந்திடுவன்" என்கிறார்கள். பத்தாவது நிமிடத்தோடு விரல் மடங்காது. அண்ணையை நான் எட்டும்போது ஆறு ஏழு நிமிடம் இருக்கும். நான் நீட்டிய கயிற்றை அவரால் பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டில் சுற்றித்தான் இழுத்தேன்.

பாக்கு நீரிணை என்றதும் சொல்ல வேண்டும். 1971 இல் அதைப் போய்வந்து நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் அதே வல்வெட்டித்துறைக்காரர். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிர் விட்டார். அவரை விட நீச்சல் தெரிந்த ஆள் என் வகுப்புக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளைக்காரருக்கு இது பழக்கம், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது அடுத்த கதை. அமெரிக்க உளவு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் வில்லியம் கொல்பி, 1996 ஏப்ரல் 27 மாலை மேரிலாந்தில் தன் வீட்டடியிலிருந்து தனியாகக் கனூவில் போனார். மே 6 இல் உடல் கிடைத்தது, லைஃப் ஜக்கெற் இல்லை. நோர்த் ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டக்ளஸ் ரொம்ப்கின்ஸ், ஆயுள் முழுக்க மலையும் ஆறுமாக வாழ்ந்தவர். 2015 டிசம்பர் 8 இல் சிலியின் ஜெனரல் கரேரா ஏரியில் காற்றும் அலையும் அவருடைய கயாக் வள்ளத்தைக் கவிழ்த்தன. கூடப் போனவர்களும் தேர்ந்தவர்கள்தான். நீண்ட நேரம் குளிர்நீரில் கிடந்தவரை ஹெலிகொப்டர் தூக்கிக்கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை.

கனடாச் சட்டப்படி ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற் வள்ளத்துக்குள் இருந்தால் போதும், வளர்ந்தவர்கள் போட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களை ஒருநாள் என் வகுப்புக்குக் கூப்பிட ஆசை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022 கணக்கில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் 85 வீதமானவர்கள் அதைப் போட்டிருக்கவில்லை. தண்ணீருக்குள் இருந்துகொண்டு அதைப் போட்டுப் பாருங்கோ. ஜூலையில், இடுப்பளவுத் தண்ணீரில், நான் பக்கத்தில் நிற்கும்போதே முக்கால்வாசிப் பேரால் முடிவதில்லை.

ஆகவே: கரையிலேயே போட்டு, எல்லாப் பட்டியையும் இறுக்குங்கோ. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக்கூடாது. விசிலை அதிலேயே கட்டுங்கோ, பைக்குள் கிடக்கிற விசில் எனக்குக் கேட்காது. முழங்காலிட்டு இருந்து துடுப்பு வலியுங்கோ. செல்பிக்கு எழும்பி நிற்காதேயுங்கோ, படத்துக்கு ஒரே பக்கமாகச் சாயவும் வேண்டாம். கவிழ்ந்தால் கனூவை விட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டு மிதவுங்கோ, முதல் ஒரு நிமிடம் மூச்சைத் தவிர வேறு வேலை வேண்டாம். பிள்ளைகளோடு போகிற அம்மாமாரே, அப்பாமாரே, பிள்ளைக்கு மட்டும் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்காதேயுங்கோ. நீங்கள் போய்விட்டால் அந்தப் பிள்ளை நடு ஏரியில் யாரோடு நிற்கும்?

ஜக்கெற் இல்லாத படம்தான் வேண்டுமென்றால் கனூவைப் படகுத்துறையில் கட்டி, முழங்காலளவுத் தண்ணீரில் வைத்து எடுங்கோ. துடுப்பை நானே தருகிறேன்.

அண்ணைக்கு இப்போது சுகம். அவர் விழுவதற்கு ஒரு நிமிடம் முன்னர் மகள் எடுத்த படத்தை நேற்று முகநூலில் போட்டிருக்கிறார். வெள்ளைச் சேட்டு, பின்னால் பைன் மரங்கள், வடிவான படம். விழுந்த கதை எழுதவில்லை. கீழே நாலு பேர் எந்த ஏரி என்று கேட்டிருக்கினம்.